எபிரேயப் பள்ளியா, இரண்டு மதமும் சேர்ந்த வகுப்பா?

அமெரிக்காவில் 2010க்குப் பிறகு திருமணமான யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதர் அல்லர் என்கிறது பியூ என்ற அமெரிக்கக் கருத்தாய்வு மையத்தின் 2020 ஆய்வு. சரி, அந்த வீட்டுப் பிள்ளையை மதப் பாடத்துக்கு எங்கே சேர்ப்பது?

சினகாக் (யூதர்களின் வழிபாட்டு இடம்) நடத்தும் எபிரேயப் பள்ளி என்றால் படிப்பு கெட்டி. 13 வயதில் பார் மிட்ஸ்வா என்னும் வயதுக்கு வரும் சடங்குக்கு, யூத வேதமான தோராவின் சுருளைப் பார்த்து வாசிக்க வேண்டும், அதில் உயிர்க்குறியே இருக்காது (புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடி மாதிரிதான்), அதனால் பல வருடம் பழக வேண்டியிருக்கும். அப்பா மட்டும் யூதர் என்றாலும், யூதராக வளர்க்கும் பிள்ளையை, யூத மதத்தின் தாராளப் போக்குள்ள சீர்திருத்தப் பிரிவு 1983லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைவிடக் கட்டுப்பாடான ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் அம்மா யூதராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மதம் மாற வேண்டும். அப்புறம் ஒரு சிக்கல்: வேறு மத வகுப்புக்கும் போகிற பிள்ளையைச் சீர்திருத்தப் பள்ளிகள் பலவும் சேர்ப்பதில்லை.

சிகாகோவில் கத்தோலிக்க, யூதத் தம்பதிகள் நடத்தும் 'ஃபேமிலி ஸ்கூல்' போன்ற இடங்களில் அந்தத் தொல்லை இல்லை. பெற்றோரே பாடம் எடுக்கிறார்கள், ஈஸ்டரும் உண்டு, யூதர்களின் பஸ்கா பண்டிகையும் உண்டு, யார் வீட்டுப் பக்கமும் விட்டுப்போகாது. ஆனால் எபிரேயம் அந்த ஆழத்துக்கு வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பஸ்கா விருந்தில் வீட்டின் கடைக்குட்டி அந்த விருந்துக்கென்றே உள்ள நான்கு கேள்விகளை எபிரேயத்தில் பாடுவதைத் தாத்தா எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், நான் எபிரேயப் பள்ளியைத்தான் எடுப்பேன்.