கார்ட்டரா, கிளின்டனா: உண்மையான ஜாஸ் பிரியர் யார்?

ஜாஸ் பிடித்த அமெரிக்க அதிபர் என்றதும் பலருக்கும் கிளின்டன்தான் ஞாபகம் வருவார். 1992 தேர்தல் நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு, தொலைக்காட்சியில் சாக்ஸபோன் வாசித்த ஆளாச்சே! ஆனால் அன்று அவர் வாசித்தது ராக் பாடகர் எல்விஸின் பாட்டு, ஜாஸ் அல்ல. 1994இல் செக் தலைநகர் பிராகாவின் ரெடூட்டா ஜாஸ் கிளப்பில் செக் அதிபர் ஹாவெல் பரிசளித்த சாக்ஸபோனில் 'சம்மர்டைம்' வாசித்தார். அது ஜாஸ்தான், ஆனாலும் எல்லோருக்கும் பழகிய மெட்டு.

அதிபர் ஜிம்மி கார்ட்டர் கதை வேறு. எந்த வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு அவர் மேடையேறவில்லை. 1978 ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஜாஸ் விழா நடத்தினார். டிரம்பெட்டில் டிஸி கில்லெஸ்பியும் டிரம்ஸில் மேக்ஸ் ரோச்சும் வாசிக்க, நிலக்கடலை விவசாயியான அவரே 'சால்ட் பீனட்ஸ்' (உப்புக் கடலை) என்று கூடச் சேர்ந்து பாடினார். சரி, அது வேடிக்கை. செசில் டெய்லர் பியானோவில் அமர்ந்ததுதான் விஷயம். மெட்டு, தாளம் எதையும் பிடித்துக்கொள்ள விடாமல் கொட்டும் வாசிப்பு அவருடையது. ஜாஸ் ரசிகர்களிலேயே பலர் எழுந்து போய்விடுவார்கள். கார்ட்டரோ வாசிப்பு முடிந்ததும் அவரிடம் விரைந்து போய்ப் பாராட்டினார். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸ் கண்கலங்கியபோது ஆறுதலாக அணைத்துக்கொண்டதும் அதே விழாவில்தான்.

வாசிக்கத் தெரிந்தவர் கிளின்டன். காதைப் பொறுத்தவரை என் ஓட்டு கார்ட்டருக்கே.