தலைவாசல் கதவு: பாலிஷா, மெரூனா, பச்சையா?

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மத்தியானம் வாசலுக்கு வரும் வெயில் விளக்கு வைக்கும் நேரம் வரை கதவை விட்டு நகராது. தாத்தா காலத்து வேப்பமர இரட்டைக் கதவு. பத்து வருடத்துக்கு முன் அடித்த மெரூன் வெளிறி, கீழ்ச் சட்டத்தில் உரியத் தொடங்கிவிட்டது. இந்த முறை என்ன நிறம் என்று கேட்டதும் வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பிக்குப் பாலிஷ். அம்மாவுக்கு மறுபடியும் மெரூன். தம்பி மனைவிக்கு இப்போது அடுக்குமாடிகளில் அடிக்கிறார்களே, அந்த அடர் சாம்பல். எனக்குப் பச்சை. சண்டை வேண்டாமென்று இந்த ஒவ்வொரு நிறத்தையும், கூடவே காவி, தந்த நிறம் (ஐவரி), நீலம் ஆகியவற்றையும் தனித்தனிப் பலகையில் அடித்து, வாசலில் சாய்த்து வைத்து, சில வாரம் பார்த்தோம்.

முதலில் பாலிஷ். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் நிற்காது. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதவுகளுக்கு முன்னால் திண்ணையும் தாழ்ந்த கூரையும் இருக்கின்றன. வெயில் நேராக விழாத இடத்தில் பாலிஷ் நிற்கும். வெயில் விழும் இடத்தில் கதை வேறு. பாலிஷோ வார்னிஷோ கண்ணாடி மாதிரி. ஒளி அதைத் தாண்டி உள்ளே போய் மரத்தின் மேல்பரப்பைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் மேலே இருக்கும் படலம் செதில் செதிலாக எழும்பி வருகிறது. பெயிண்டில் இருக்கும் நிறப்பொடி அந்த ஒளியைத் தடுத்துவிடும். மரத்துக்கு அது ஒரு குடை. பாலிஷ்தான் வேண்டும் என்பவர்கள் வெளிக்கதவுக்கு மெலமைன் என்ற பாலிஷ் வகையை அடிக்கவிடாதீர்கள், அது வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு. வெளியில் அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) வகையைக் கேளுங்கள், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள். எங்களுக்கு இன்னொரு தடை இருந்தது. பழைய கதவில் பட்டி வைத்த இடம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் பாலிஷ் அப்படியே காட்டிக்கொடுக்கும். தம்பி ஒரு சிறு மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சரி அண்ணே, விட்டுடலாம்" என்றான்.

மெரூனுக்கு அம்மா சொன்ன காரணம் நியாயமானது: குங்குமம் சிந்தினாலும் கறை தெரியாது. ஆனால் சிவப்பு நிறங்கள் எல்லாம் ஒன்றல்ல. செங்கல், காவி பக்கம் இருக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. செம்மண்ணுக்கும் பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரைக்கும் நிறம் தருவது அதுதான். எத்தனை வெயிலிலும் அது வெளிறாது. பளிச்சென்ற குங்குமச் சிவப்பும் ரோஜாச் சாயல் உள்ள மெரூனும் பெரும்பாலும் வேறு நிறப்பொடிகளில் செய்வது, அவை சீக்கிரம் வெளிறும். எங்கள் பழைய மெரூன் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு வேண்டும் என்றால் காவியை எடுங்கள்.

அடர் சாம்பல் பலகையைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குத் தொட்டோம், கை வைக்க முடியவில்லை. இப்படிச் சூடேறி இரவில் ஆறும் மரம் உலர்ந்து சுருங்கும், பலகை இணைப்புகளில் பெயிண்ட் கோடு கோடாக வெடிக்கும். தெருப்புழுதியும் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. உள்நடையில் இருக்கும் அடுக்குமாடிக் கதவுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, அங்கே தாராளமாக அடிக்கலாம். ஐவரி என்கிற தந்த நிறத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. தாழ்ப்பாளைச் சுற்றி ஒரே மாதத்தில் கை அழுக்கு படிந்துவிடும். நீலம் நல்ல நிறம்தான், எங்கள் மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் கண்ணை உறுத்தியது.

இனி பச்சை. பாட்டில் பச்சை அல்ல, அதுவும் சாம்பல் போலவே சூடேறும். நான் சொல்வது வாழையிலையின் முதுகுப்பக்க நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பச்சை. புழுதி படிந்தாலும் அழுக்காகத் தெரியவில்லை. பித்தளைக் குமிழும் வளையமும் அதில் எடுப்பாக இருக்கின்றன. எனக்கு மனசு நின்ற இடம் இதுதான்: வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தபோது, காவிப் பலகையில் குங்குமம் காணாமல் போனது, தந்தத்தில் கறையாகத் தெரிந்தது, பச்சையில் மட்டும் பொட்டாக நின்றது. அம்மாவே அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்கதவு நம் ஊரில் பூ, பொட்டு, மாவிலை எல்லாம் வாங்கிக்கொள்கிற இடம். கடையில் நிற அட்டையைப் பார்க்கும்போது இது யாருக்கும் நினைவு வருவதில்லை.

உங்கள் வாசல் எந்தத் திசை என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். கிழக்கு வாசலுக்குக் காலை வெயில் மட்டுமே, அடர் நிறம் அங்கே பிழைக்கும். தெற்கு வாசலுக்குப் புரட்டாசி முதல் பங்குனி வரை வெயில் நேராக விழும். வடக்கு வாசலில் வெயிலே படாது என்பார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது, ஆக வடக்குக் கதவுக்கும் கோடையில் பங்கு உண்டு. வாஸ்து பார்க்கிற வீடு என்றால் டப்பா வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், அடித்த பிறகு கேட்டால் மனக்கஷ்டம்தான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த இனாமலில் (கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் பெயிண்டில்), முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். தண்ணீர் உப்புத்தாள் போட்டு நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பொங்கலுக்கு முன் அடிப்பவர்கள் காலையிலேயே முடித்துவிடுங்கள். மார்கழிப் பனி ஈர இனாமலில் இறங்கினால் பளபளப்பு செத்துப்போகும். சாதாரண அளவுக் கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோட்டு அடிக்க ஒரு லிட்டர் போதும்.

எங்கள் கதவுக்கு வெளிப்பக்கம் பச்சை என்று முடிவாகிவிட்டது. நிலையையும் படியையும் அம்மா கேட்டபடி காவிக்கு விட்டாயிற்று. உட்பக்கத்துக்கு வெள்ளை என்றார் தம்பி மனைவி. வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளை இனாமல் மஞ்சள் பூத்துவிடும் என்பதால், அங்கேயும் இரண்டு பலகை சாய்த்து வைத்திருக்கிறோம்.