ஆர்-100ஆ, ஆர்-101ஆ: ஒரே கேள்விக்கு இரண்டு வான்கப்பல்கள்

வேலை முடிந்து வந்து இரவில் ஒன்றரை மணி நேரம் மூங்கில் சிம்பு சீவுகிறவனால் வருடத்துக்கு ஒரே ஒரு மாதிரி உருவத்தைத்தான் முடிக்க முடியும். இந்த வருடம், 1920-களில் பிரிட்டன் பயணிகளுக்காகக் கட்டிய இரண்டு வான்கப்பல்களில் (காற்றைவிட லேசான வாயு நிரப்பிய பைகளால் மிதந்து, எஞ்சினால் நகரும் பெருங்கலங்கள்) ஒன்று என்று தீர்மானித்திருந்தேன். ஆர்-100 எடுப்பதா, ஆர்-101 எடுப்பதா? மூன்று வாரம் வரைபடங்களையும் எடைக் கணக்குகளையும் மேசையில் பரப்பி வைத்து மாறி மாறி யோசித்தேன். கடைசியில் ஆர்-100. 1-க்கு 250 அளவில் 86 சென்டிமீட்டர் நீளம் வரும். பேர் பெற்ற ஆர்-101ஐ விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பொதுவான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924-இல் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு, பேரரசின் தூரத்து ஊர்களை வான்கப்பலால் இணைக்கத் திட்டம் போட்டது. ஒரே விவரக்குறிப்பு, இரண்டு கப்பல்கள். ஆர்-100ஐ விக்கர்ஸின் துணை நிறுவனம் யார்க்‌ஷயரில் ஹௌடன் என்ற இடத்தில் நிலையான விலைக்குக் கட்டித் தர வேண்டும். ஆர்-101ஐ அரசின் சொந்தப் பட்டறை பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கார்டிங்டனில் கட்டும். இரண்டிலும் சுமார் 50 லட்சம் கன அடி ஹைட்ரஜன், 100 பயணிகளுக்கு இடம். ஆர்-101 இந்தியாவுக்கு. அதற்காக எகிப்தில் இஸ்மாயிலியாவில் கப்பலைக் கட்டி நிறுத்த ஒரு நங்கூரக் கோபுரம் எழுந்தது. கராச்சியில் கோபுரமும் பிரம்மாண்டமான கொட்டகையும் எழுந்தன.

ஜெர்மனியின் கிராஃப் செப்பலினை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். பறந்த கணக்கைப் பார்த்தால் இரண்டையும் விழுங்கிவிடும் கப்பல் அது. 590 பயணங்கள், 1929-இல் உலகைச் சுற்றி வந்த பெருமை, காற்றின் எடைக்கு நெருக்கமான ஒரு வாயுவையே எரிபொருளாக எரித்ததால் எரிபொருள் தீரத் தீரக் கப்பல் லேசாகி மேலே ஏறாத அந்தச் சாமர்த்தியம், எல்லாம் உண்டு. ஆனால் அது ஏற்றியது 20 பயணிகளை. 100 பேரைத் தூக்குவது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை ஒரே நேரத்தில் இரண்டு குழுக்களிடம் கொடுத்து, இரண்டு விதமான பதிலை வாங்கிய இடம் பிரிட்டன்தான்.

தோற்றம், வசதி என்று பார்த்தால் ஆர்-101 ஒரு படி மேல். இரண்டு தளங்கள், தூண்கள் வைத்த பெரிய ஓய்வுக்கூடம், ஜன்னலோரம் உலாவும் நடை, ஹைட்ரஜன் பைகளுக்குக் கீழே ஒரு புகைபிடிக்கும் அறை. ஆர்-100-இல் மூன்று தளங்களும், இரட்டைப் படிக்கட்டு இறங்கும் ஒரு சாப்பாட்டுக் கூடமும் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தில் ஆர்-100 முந்தியது, மணிக்கு 81 மைல் காட்டியது. இவற்றையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுத்தது எடையை வைத்து. வான்கப்பலைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால் நீளத்தையோ வேகத்தையோ கேட்க மாட்டேன். மொத்தத் தூக்குதிறனிலிருந்து கப்பலின் சொந்த எடையைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்றுதான் கேட்பேன். அந்த மிச்சத்திலிருந்துதான் எரிபொருள், சமநிலைக்கு வைக்கும் தண்ணீர், சிப்பந்திகள், சாப்பாடு, தபால், பயணி எல்லோருக்கும் பங்கு. விவரக்குறிப்பு கேட்டது இதுதான்: தூக்குவது சுமார் 150 டன், சொந்த எடை 90 டன்னுக்குள், மிச்சம் 60 டன் அளவில்.

இரண்டு குழுக்களுமே 90-இல் நிற்கவில்லை. ஆர்-100 சுமார் 156 டன் தூக்கியது, தானே 102 டன் இருந்தது. மிச்சம் 54. ஆர்-101 1929 இலையுதிர்காலத்தில் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது தூக்கியது 148 டன், தானே 113 டன். மிச்சம் 35. கேட்டதில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட.

இந்த 35-ஐ வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். காற்று சூடானால் அடர்த்தி குறையும், அதே அளவு பை அதைவிடக் குறைவாகத்தான் தூக்கும். 15 டிகிரி குளிரில் 150 டன் தூக்கும் கப்பல் 35 டிகிரியில் சுமார் 10 டன் இழக்கும். சாதாரண வாயு விதியை வைத்து நானே போட்ட கணக்கு இது. 54-இல் 10 போனாலும் கப்பல் பிழைத்துக்கொள்ளும். 35-இல் 10 போனால், 25 டன் எரிபொருள் ஏற்றிய பிறகு ஆளை எங்கே ஏற்றுவது? இந்தியாவுக்கென்றே பிறந்த கப்பலுக்கு இந்திய வெயிலே ஒத்துவராது என்ற நிலை.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில்தான் எனக்கு இந்த இரண்டு கப்பல்கள் மீதும் பாசம் உண்டானது. 1921-இல் ஆர்-38 என்ற கப்பல் ஹல் நகரத்துக்கு மேலே திரும்பும்போது நடுவில் முறிந்து விழுந்தது. 44 பேர் இறந்தார்கள். பறக்கும்போது காற்று தரும் சுமையை அதன் வடிவமைப்பாளர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அந்தப் பயம் கார்டிங்டனில் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்திருந்தது. ஆர்-101ஐ வடிவமைத்த வின்சென்ட் ரிச்மண்டும் மைக்கேல் ரோப்பும் எதையும் பழைய வழியில் செய்யவில்லை. குறுக்கு வளையங்களைக் கம்பி கட்டி இழுக்காமல், சுமார் 3 மீட்டர் ஆழமுள்ள முக்கோணக் கூடாக, தனியே நிற்கும் பலத்தோடு செய்தார்கள். எஃகையும் டுராலுமின் என்ற அலுமினியக் கலவையையும் சேர்த்துப் பயன்படுத்தி, துண்டுகளை நார்விச்சில் ஒரு நிறுவனத்திடம் செய்யக் கொடுத்து வாங்கினார்கள். சட்டகத்துக்குப் பலம் கிடைத்தது. ஆனால் ஆழமான வளையம் எடையையும் கூட்டியது, வாயுப்பை இருக்க வேண்டிய இடத்தையும் தின்றது. தட்டின் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஹௌடனில் ஆர்-100ஐ வடிவமைத்த பார்ன்ஸ் வாலிஸ் வேறு வழியில் போனார். டுராலுமின் தகட்டுப் பட்டையைத் திருகாகச் சுற்றி, ஓரத்தை ரிவெட் அடித்து, குழாயாக்கினார். அந்தக் குழாய்களிலிருந்து மிகச் சில வகை உறுப்புகளை மட்டும் வைத்துக் கப்பல் முழுவதையும் கட்டினார். குறுக்கு வெட்டு 16 பக்கப் பலகோணம். கணக்குப் பிரிவை நடத்தியவர் நெவில் ஷூட் நார்வே, பின்னாளில் நாவலாசிரியராகப் பேர் பெற்றவர். ஒரே ஒரு குறுக்கு வளையத்தின் விசைகளை இரண்டு பேர் நழுவு அளவுகோலை (ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கருவி) வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் கணக்கிட வேண்டியிருந்தது. அந்தப் பொறுமை எடையாகத் தெரிகிறது. சுக்கானைத் திருப்ப மோட்டார் வேண்டுமா என்று அவர்களும் யோசித்தார்கள், கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து மனிதக் கை போதும் என்று விட்டார்கள். ஆர்-101-இல் மோட்டாரைப் பொருத்தி, பறந்து பார்த்த பிறகு கழற்றினார்கள்.

எஞ்சினில்தான் வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. ஆர்-101-க்கு ஐந்து பியர்ட்மோர் டொர்னாடோ டீசல்கள். ஒன்றொன்றும் 2 டன்னுக்கு மேல் எடை, 585 குதிரைத்திறன். 700 எதிர்பார்த்து வாங்கியது. ஆர்-100-இல் ஆறு ரோல்ஸ்-ராய்ஸ் காண்டர் பெட்ரோல் எஞ்சின்கள். ஒவ்வொன்றின் எடையும் முக்கால் டன்கூட இல்லை, திறன் 650. இதைவிட மனம் வருந்துகிற விஷயம், ஆர்-101-இன் ஐந்து எஞ்சின்களில் ஒன்று தொடக்கத்தில் பின்னோக்கிப் போவதற்காக மட்டும் இருந்தது. கோபுரத்தை நெருங்கும் சில நிமிடங்களுக்காக, மீதிப் பயணம் முழுவதும் சும்மா தொங்கிக்கொண்டு வரும் எஞ்சின். பிறகுதான் இரண்டு எஞ்சின்களை இரு பக்கமும் சுழலும்படி மாற்றினார்கள்.

எங்கள் தெருவில் லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். படத்தைக் காட்டி இந்த எடையைச் சொன்னதும் அவர் என் பக்கம் சேரவில்லை. “வெயில் ஊருக்குப் போற வண்டிக்கு டீசல்தான் சார் வைக்கணும். பெட்ரோல் ஆவியை மேலே வச்சுக்கிட்டு யார் தூங்குவா?” என்றார். 1920-களில் கார்டிங்டனும் இதையேதான் சொன்னது. வெப்ப மண்டலத்தில் பெட்ரோல் ஆபத்து என்று கருதித்தான் டீசலைத் தேர்ந்தார்கள். அதே காரணத்தால் பெட்ரோல் கப்பலான ஆர்-100-இன் சோதனைப் பயணத்தைக் கனடாவுக்கு மாற்றினார்கள். நீண்ட பயணத்தில் டீசல் குறைவாகக் குடிக்கும் என்பதால், எஞ்சினில் கூடிய எடையில் கொஞ்சம் எரிபொருளில் திரும்பி வரும் என்பதும் உண்மை. டீசல் என்ற எண்ணம் தப்பில்லை. அந்த எஞ்சின் அன்றைக்குத் தயாராகவில்லை.

மிச்சம் 35 என்று தெரிந்த பிறகு கார்டிங்டன் என்ன செய்தது என்பதே என்னை ஆர்-100 பக்கம் உறுதியாகத் தள்ளியது. முதலில் வாயுப்பைகளைப் பிடித்திருந்த வலைக்கட்டைத் தளர்த்தினார்கள். பைகள் கொஞ்சம் பருத்துக் கூடுதலாகத் தூக்கும். ஆனால் அந்தப் பைகள் மாட்டுக் குடல் சவ்வை ஒட்டிச் செய்தவை. தளர்ந்ததும் சட்டங்களில் உரசி ஓட்டை விழுந்தன. ஆயிரக்கணக்கான இடங்களில் திண்டு கட்டிச் சமாளித்தார்கள். அதுவும் போதாமல் கப்பலை நடுவில் வெட்டி, ஒரு புதிய பகுதியையும் ஒரு வாயுப்பையையும் நுழைத்தார்கள். 223 மீட்டர் கப்பல் 237 மீட்டர் ஆனது. மிச்சம் 49 டன்னுக்குப் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஒரே ஒரு சோதனைப் பறப்பு. எண்ணெய் குளிர்விக்கும் கருவி பழுதானதால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. விமானத்துறை அமைச்சர் லார்ட் தாம்சன் இந்தியா போய் அக்டோபர் 20-க்குள் திரும்ப வேண்டும். 1930 அக்டோபர் 4 மாலை கப்பல் கிளம்பியது. மறுநாள் அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு பிரான்சில் போவே நகரத்துக்குப் பக்கத்தில் அலோன் கிராமத்தில், மழைக் காற்றில் மூக்குக் குத்தித் தரையில் இறங்கித் தீப்பிடித்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். அமைச்சர், ரிச்மண்ட், ரோப், மூவரும் அதில் அடக்கம்.

சர் ஜான் சைமன் தலைமையில் நடந்த விசாரணை, முன்பக்கத்துப் பையிலிருந்து வாயு வேகமாக வெளியேறியதைக் காரணமாகச் சொன்னது. எடைதான் கொன்றது என்று அறிக்கை எழுதவில்லை. அப்படி வாசிப்பது நான். சொந்த எடை கூடியது, அதை ஈடுகட்ட வலைக்கட்டைத் தளர்த்தினார்கள், பை உரசியது, கப்பலை வெட்ட நேர்ந்தது, வெட்டியதால் சோதனைக்கான நாட்கள் கரைந்தன. இந்தச் சங்கிலியின் முதல் வளையம் 113 டன்.

ஆர்-100-இலும் குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். நெடுக்குச் சட்டங்கள் குறைவாக இருந்ததால் மேலுறைத் துணிக்குப் பிடிப்பு போதவில்லை, வேகத்தில் அலையடித்தது. முழு வேகச் சோதனையில் கூரான வால் நுனி நசுங்கிப்போய், அதை வெட்டிவிட்டு வட்டமான முனை வைத்தார்கள். 1930 ஜூலை 29-இல் கனடாவுக்குக் கிளம்பி 78 மணி 49 நிமிடத்தில் மாண்ட்ரியால் பக்கத்து செயின்ட் ஹ்யூபர்ட்டைச் சேர்ந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கு மேலே வீசிய காற்று வால் சிறகுத் துணியைக் கிழித்தது, ஆட்கள் பறக்கும்போதே அதைத் தைத்து ஒட்டினார்கள். திரும்பி வர ஐம்பத்தேழரை மணி நேரம். அவ்வளவுதான் அதன் பெரிய பயணம். வெப்ப மண்டலத்தை அது பார்த்ததே இல்லை. ஆகவே 54 டன் மிச்சம் கராச்சியில் எவ்வளவு நின்றிருக்கும் என்று நான் சொல்வது காகிதக் கணக்குத்தான். ஆர்-101-இன் குறைகளைப் பற்றி நாம் கேட்கும் கதைகளில் பலவும் ஷூட் வழியாக வந்தவை, அவர் போட்டிக் குழுவின் ஆள் என்பதையும் வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்களை எடுத்துக்கொண்டேன். ஆட்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்-101-இன் முடிவு ஆர்-100ஐயும் இழுத்துக்கொண்டு போனது. கொட்டகையில் கிடந்த ஆர்-100ஐ 1931 கடைசியில் உடைத்து, 600 பவுண்டுக்கும் குறைவான விலைக்குப் பழைய உலோகமாக விற்றார்கள்.

இனி என் மேசைக்கு வருகிறேன். தேர்ந்தெடுக்கும் முன்பு இரண்டிலும் ஒரு வளையம் செய்து பார்த்தேன். ஆர்-100-இன் 16 பக்கங்களில் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அட்டையில் ஒரே ஒரு அச்சு வெட்டி வைத்தால் போதும், பதினாறும் ஒன்றுபோல் வந்துவிடும். உள்ளே நூல் கட்டி இழுத்ததும் வளையம் விறைத்து நின்றது. இரண்டு மாலையில் முடிந்தது. ஆர்-101-இன் முக்கோண வளையத்துக்கு ஒன்பது மாலை ஆனது. தொட்டுப் பார்த்தால் உறுதி, நூலே வேண்டாம், கையில் எடுத்தாலே பொறியியல் தெரிகிறது. சமையலறைத் தராசில் வைத்தால் மற்றதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. மூங்கிலும் பசையும் டுராலுமினைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆனாலும் அந்தத் தராசு முள்ளைப் பார்த்த இரவுதான் நான் ஆர்-101 வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன்.

நீங்கள் செய்வதாக இருந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டகம் தெரிய வைக்கப் போகிறீர்கள், நேரமும் இருக்கிறது என்றால் ஆர்-101 எடுங்கள். அந்த வளையங்களை மேலுறை போட்டு மூடாதீர்கள். கூரையிலிருந்து மீன்பிடி நரம்பில் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் ஆர்-100. என்னுடையதில் வளையங்கள் எல்லாம் நின்றுவிட்டன, நெடுக்குச் சட்டங்கள் பாதி தூரம் வந்திருக்கின்றன. மேலுறைக்குப் பட்டுத்தாளா மெல்லிய துணியா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. 16 பக்கத்துக்கு நடுவே இவ்வளவு அகலமான இடைவெளியில் எதை ஒட்டினாலும் தொய்கிறது.