பழைய ஜிப்ஸிக்கு ஹெட்டரும் புது சைலன்சரும்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

வண்டி 2004 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். 1298 சி.சி., 16 வால்வ், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின். ஷோரூமிலிருந்து வந்தபோது 80 குதிரைத்திறன். இத்தனை வயதுக்குப் பிறகு அதில் எத்தனை குதிரை மிச்சம் என்று கேட்காதீர்கள். ஹெட்டர் (ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) மாட்டினால் பவர் எகிறும் என்று நம்பி இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எகிறாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான இசியு கம்பெனி செட்டிங்கில்தான் இருக்கிறது, வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மாறவில்லை, ஏர் ஃபில்டரும் பழையதுதான். பின்னால் குழாயை மட்டும் மாற்றிவிட்டு முன்னால் அதிசயம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இந்த வேலையில் எனக்குத் திருப்திதான். அதற்குக் காரணம் வேறு.

ஹெட்டருக்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஒரிஜினல் மேனிபோல்டு, அதாவது எல்லா சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் பகுதி. அது காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு). காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் சூடேறியதும் போய்விடும். இரண்டு பட்டறைகளில் டேப்பட் (வால்வ் இடைவெளி) என்று சொல்லி செட் செய்து கொடுத்தார்கள். சத்தம் அப்படியேதான் இருந்தது. கடைசியில் மேலே மூடியிருந்த தகட்டைக் கழற்றிப் பார்த்தால், இரண்டாவது சிலிண்டர் குழாய் வளையும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இரும்பு சூடாகி விரியும்போது விரிசல் மூடிக்கொள்ளும். அதனால்தான் சத்தம் மறைகிறது. பழைய பெட்ரோல் ஜீப் எது வைத்திருந்தாலும், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வரும் இந்தச் சத்தத்தை டேப்பட் கணக்கில் எழுதிவிடாதீர்கள். குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் டெயில் பைப்பை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் புஸ் என்று காற்று சீறும்.

விரிசலுக்கு எது காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வயது ஒன்று. மலையேறிக் கொதித்த இன்ஜினோடு ஓடைத் தண்ணீரில் இறக்குவது இன்னொன்று. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை ஃபவுண்டரி நிறைந்த கோயம்புத்தூரில் விளக்கத் தேவையில்லை. நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்யலாம். முன்சூடு சரியாகக் கொடுக்காவிட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். பழைய சாமான் கடையில் கிடைத்த இரண்டு மேனிபோல்டிலும் இன்ஜினோடு ஒட்டும் முகம் வளைந்திருந்தது. அதனால் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயில் ஹெட்டர் அடிப்பது என்று முடிவானது.

பழையதைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. மேனிபோல்டை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லா போல்ட்டுகள்) 8 மி.மீ. தடிமன்தான், இத்தனை வருடச் சூட்டில் நட்டும் அதுவும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. எங்கள் மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "இப்பவே திருகுனா முறிஞ்சு ஹெட்டுக்குள்ளயே நின்னுக்குமுங்க. எண்ணெய் அடிச்சு விட்டுட்டுப் போங்க, நாளன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார். தினமும் எண்ணெய் அடித்து, அப்புறம் கேஸ் வைத்து நட்டை மட்டும் சூடாக்கி, கால் சுற்று தளர்த்துவது, மறுபடி இறுக்குவது, மறுபடி தளர்த்துவது. அப்படியும் ஓரத்தில் ஒன்று முறிந்தது. ஹெட் அலுமினியம், துளை கோணினால் செலவு எங்கோ போய்விடும். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போட்டு, ஆறவிட்டுத் திருப்பினார். வந்துவிட்டது. திரும்பப் பூட்டும்போது எல்லாமே புது ஸ்டட், பித்தளை நட்டு, மரையில் காப்பர் கிரீஸ். அடுத்த முறை கழற்றுகிறவர் திட்டமாட்டார்.

ஹெட்டர் 4-2-1 வகை: நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. அதனால் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி என்று இணைத்தால் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் புகை சம இடைவெளியில் வரும். ஒன்றின் தள்ளல் மற்றதன் வாயை அடைக்காது. நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 வகை உச்ச ஆர்பிஎம்மில் ஓடும் ரேஸ் வண்டிக்கு நல்லது. லோ ரேஞ்ச் கியரில் மெதுவாகப் பாறை மேல் ஊர்கிறவனுக்கு அது எதற்கு?

குழாய் விட்டத்தில்தான் பெரிய வாக்குவாதம். குழாய் அடித்துக் கொடுத்தவர் இரண்டேகால் அங்குலம் போடலாம், சத்தம் கம்பீரமாக இருக்கும் என்றார். 1.3 லிட்டர் இன்ஜின் விடும் புகைக்கு அது ரொம்பப் பெரிது. குழாய் அகலமானால் புகையின் வேகம் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிற கொஞ்ச இழுவையும் அதோடு போகும். பின்னால் அடைப்பு இருந்தால்தான் டார்க் வரும் என்று சிலர் சொல்வது சரியில்லை, அடைப்பினால் எந்த நன்மையும் கிடையாது. புகை வேகமாக ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றேமுக்கால் அங்குலத்தில் நிறுத்தினேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுக்கச் சொன்ன யோசனையையும் கேட்டுக்கொள்ளவில்லை. புகைச் சான்று வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் நிறுத்தவும் வேண்டும்.

முதல் வருடம் முடிவதற்குள் நான்கு குழாயும் சேரும் இடத்துக்குக் கீழே வெல்டிங் விட்டது. காரணம் பார்த்ததும் தெரிந்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பக்கவாட்டில் ஆடும். சைலன்சரோ சேஸிஸில் தொங்குகிறது. ஒரு சக்கரம் குழியில், ஒரு சக்கரம் பாறையில் என்று போகும்போது சேஸிஸும் தன் பங்குக்கு முறுக்கும். நடுவில் அசைய இடமே இல்லாமல் ஒரே கம்பியாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். 304 எஸ்எஸ் சாதாரண இரும்பைவிட அதிகம் விரியும் என்பது இன்னொரு சங்கடம். வெட்டி எடுத்து, சேரும் இடத்துக்குப் பின்னால் வலை போட்ட, வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றை ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்து, கியர்பாக்ஸிலிருந்து ஒரு தாங்கியும் கொடுத்த பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை. ஹெட்டர் அடிக்கக் கொடுக்கிறவர்கள் முதல் நாளே இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஹெட்டில் உட்காரும் தகடும் 10 மி.மீ. இருக்கட்டும். மெல்லிசாகப் போட்டால் சூட்டில் வளைந்து கேஸ்கெட்டைத் தின்றுவிடும்.

இனி ஓட்டம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முன்பு வளைவு முடிந்ததும் இரண்டாவது கியரில் திணறி, முதலுக்கு இறங்க வேண்டிய இரண்டு மூன்று இடங்கள் உண்டு. இப்போது இரண்டிலேயே ஏறிவிடுகிறது. 2500 ஆர்பிஎம்முக்கு மேல் தயக்கமில்லாமல் இழுக்கிறது. இதில் பாதிப் புண்ணியம் ஹெட்டருக்கு, மீதி ஒழுகல் நின்றதற்கு என்பதுதான் என் கணிப்பு. விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் ஆக்ஸிஜன் சென்சார் ஏமாந்து, பெட்ரோல் குறைவு என்று இசியுவுக்குச் சொல்லும். அது தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் ஒன்பதிலிருந்து பத்தரைக்கு வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். புது காஸ்ட் அயர்ன் மேனிபோல்டு கிடைத்திருந்தால் இதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்திருக்கும். ஆகவே உங்கள் மேனிபோல்டு நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். எனக்கு ஃப்ளெக்ஸ் வேலையும் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி ஆனது.

சத்தம்தான் குறை. முதலில் போட்டது ஃப்ரீ ஃப்ளோ (புகையை அதிகம் தடுக்காத) சைலன்சர், எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ரெக்ஸின் கூரைக்குள் ஒரே ரீங்காரம். பக்கத்தில் உட்காரும் வீட்டம்மா பொள்ளாச்சி தாண்டுவதற்குள் தலைவலி என்பார். நடுக்குழாயில் ரீங்காரத்தைக் குறைக்கும் ஒரு ரெசொனேட்டர் சேர்த்து, பின்னால் அறை வைத்த சாதாரண சைலன்சரையே போட்ட பிறகுதான் பேசிக்கொண்டு போக முடிகிறது. கெத்துக்காகச் சத்தம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். காட்டுப்பாதையில் யானை நிற்கும் இடத்தில் வெடிச் சத்தத்தோடு போவதைப் பற்றிச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

சூடும் கொஞ்சம் கூடுதல். மெல்லிய எஸ்எஸ் குழாய் வெளியே விடும் அனல் பானெட்டுக்குள் நிறையத் தெரிகிறது. துணி மாதிரிச் சுற்றும் ஹீட் ரேப் வேண்டாம் என்றுவிட்டேன். சேறும் தண்ணீரும் உறிஞ்சி வைத்துக்கொண்டு குழாயை அரிக்கும். அலுமினியத் தகட்டில் ஒரு மறைப்பு, பக்கத்து ஒயர்களுக்கு உறை, இரண்டும் போதுமானதாக இருக்கிறது. குழாய் முழுவதும் சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலாகப் போகிறது, அதனால் கல்லில் இடிப்பதில்லை. கோடையில் காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்துவதில்லை. கன்வர்ட்டர் சூட்டுக்குப் புல் பற்றிக்கொள்ளும்.

புதிதாக மாட்டுகிறவர்கள் 500 கிலோமீட்டர் ஓட்டியதும் இன்ஜின் ஆறிய பிறகு நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், முழு பலத்தையும் காட்ட வேண்டாம். எனக்கு இப்போது மிச்சமிருக்கிற வேலை பின்பக்க ரப்பர் ஹேங்கர்கள்தான். ஒன்று வெடித்துவிட்டது, மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.