அலும்னி ஃபண்ட்ரெய்சிங்: கேக்குறதுல ஃபுல் மார்க், ரசீதுல ஃபெயில்

மூணரை ஸ்டார் குடுக்கறேன், ஒரு ஸ்டார் முழுசா ரசீது விஷயத்துக்கே கட். காலேஜ் பேர் போட மாட்டேன், போட்டா அலும்னி வாட்ஸப் க்ரூப்ல இருந்து தூக்கிருவாங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு பழைய இஞ்சினியரிங் காலேஜ், அவ்ளோ போதும். புது லேப் பில்டிங்குக்கும் கஷ்டப்படற பசங்க ஸ்காலர்ஷிப்புக்கும் சேத்து ஒரு கேம்பெய்ன் ஓடுது. நடத்தறது காலேஜ் ஆபீஸ் இல்ல, இங்க படிச்சுட்டு போயி தொழில் பண்ற சீனியருங்க கமிட்டி போட்டு சம்பளம் வாங்காம நடத்தறாங்க. தலைமை ஒரு பம்ப் கம்பெனி ஓனர், கூட ஒரு திருப்பூர் எக்ஸ்போர்ட்டர், பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனி வச்சிருக்க ஒரு அக்கா, இன்னும் சில பேர்.

நல்லத மொதல்ல சொல்லிர்றேன். கேக்குற விதம் சூப்பர். முன்னாடி பிரின்சிபால் கையெழுத்து போட்டு, கீழ பேங்க் அக்கவுண்ட் நம்பரோட ஒரு லெட்டர் வரும், படிச்சுட்டு அப்படியே ட்ராயர்ல போட்டுருவோம். இப்ப அந்த பம்ப் கம்பெனி அண்ணனே நேரா போன் பண்றாரு, ஹாஸ்டல் மெஸ் கதையெல்லாம் பேசிட்டு கடைசில "தம்பி, நான் அம்பது லட்சம் போட்டுட்டேன், நீ எவ்ளோன்னு நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்"னு நிறுத்திட்டு சும்மா இருக்காரு. அந்த ரெண்டு செகண்ட் அமைதி இருக்கு பாருங்க, அதுல நான் மனசுல வச்சிருந்த தொகைய டபுள் ஆக்கிட்டேன். பிரின்சிபால் கிட்ட "பாக்கலாம் சார்"னு நழுவலாம், தன் காச போட்டுட்டு வந்து கேக்குறவர் கிட்ட எப்படிங்க நழுவறது?

க்ரூப்ல சில பேர் "பெரிய தொகையெல்லாம் முன்னாடியே பேசி முடிச்சுட்டு ஸ்டேஜ்ல ட்ராமா போடறாங்க"ன்னு பொலம்புனாங்க. ஆமா, முன்னாடியே பேசி முடிச்சது தான், அப்படித்தான் பண்ணணும். ஹார்வர்ட் 2013ல 650 கோடி டாலர்னு டார்கெட் அறிவிச்ச அன்னைக்கே வந்ததும் தரேன்னு சொன்னதும் சேத்து 280 கோடி டாலர் இருந்துச்சு, வெளிய சொல்லாம பெரிய ஆளுங்கள தனித்தனியா பாத்து பேசி வச்சது. 2018ல முடிக்கும்போது 960 கோடி டாலர். ஜீரோல ஆரம்பிச்சு மேடைல கை தட்ட வச்சா யாரும் மொத ஆளா வர மாட்டாங்க, பக்கத்துல இருக்கவன் எவ்ளோ போடறான்னு தான் பாப்பாங்க, நம்ம ஊர் மொய் நோட்டுல மொதல் பக்கம் தாய்மாமன் பேர்ல ஆரம்பிக்கறதும் இதுக்குத்தான்.

இன்னொன்னும் இருக்கு. காசு போடறது மட்டும் இல்ல, வேலை பாத்துருக்கணும். இன்ஃபோசிஸ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் நந்தன் நிலேகணி 1973ல ஐஐடி பாம்பேல சேந்தவர், 2023 ஜூன்ல அந்த காலேஜுக்கு 315 கோடி ரூவா குடுத்தாருன்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே 85 கோடி குடுத்துருந்தாரு, 1999ல இருந்து 2009 வரைக்கும் ஐஐடி பாம்பேக்கு பழைய ஸ்டூடண்ட்ஸ் கிட்ட காசு திரட்டற ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் போர்டுல இருந்தாரு, அத யாரும் பெருசா பேசல. நம்ம கமிட்டி அண்ணனும் லேப் ட்ராயிங்க உக்காந்து பாத்து, "இந்த மெஷினுக்கு இந்த ஃப்ளோர் தாங்காது"ன்னு மாத்த வச்சாராம். எனக்கு அவரோட அம்பது லட்சத்த விட அது பெருசா தெரியுது.

இப்ப புடிக்காதது. சின்ன ஆளுங்கள கண்டுக்கவே இல்ல. ஐஐடி மெட்ராஸ் 2022-23ல 218 கோடி, அடுத்த வருஷமே 513 கோடி திரட்டுச்சு, அதுல ஒரு கோடிக்கு மேல குடுத்தவங்க கம்பெனிங்களையும் சேத்து 48 தான். 2024 ஆகஸ்ட்ல 1970 எம்டெக் பேட்ச் கிருஷ்ணா சிவுகுலா ஒருத்தரே 228 கோடி. பெரிய கை தான் தூக்கி நிறுத்தும், ஒத்துக்கறேன். ஆனா அமெரிக்கால பழைய ஸ்டூடண்ட்ல எத்தன சதவீதம் பேர் குடுக்கறாங்கன்னு தனியா கணக்கு வைப்பாங்க, யூ.எஸ். நியூஸ் பத்திரிகை போடற காலேஜ் ரேங்கிங்ல அதுக்கே மார்க் இருந்துச்சு, 2023 செப்டம்பர்ல வந்த லிஸ்ட்ல தான் தூக்குனாங்க. நம்ம கமிட்டி ஸ்லைடுல பேட்ச் வாரியா தொகை மட்டும் தான், எத்தன பேர் போட்டாங்கன்னே இல்ல. வேலைக்கு சேந்து மொத வருஷம் ஆயிரம் ரூவா போட்ட பையனுக்கு ஒரு தேங்க்ஸ் மெசேஜ் கூட வரல, அவன் பத்து வருஷம் கழிச்சு என்ன பொசிஷன்ல இருப்பான்னு யாருக்கு தெரியும்.

அப்புறம் அந்த ரசீது. நன்கொடைக்கு கெடைக்கற 80ஜி வரிக்கழிவு பழைய டாக்ஸ் ரெஜிம்ல இருக்கவங்களுக்கு மட்டும் தான், புதுசுக்கு மாறிட்டவங்க விட்ருங்க. பழசுல இருந்தா வெறும் ரசீது பத்தாது, காலேஜ் ட்ரஸ்ட் நம்ம பான் நம்பரோட இன்கம் டாக்ஸ்ல ஏத்தி 10பிஈ சர்டிபிகேட் எடுத்து தரணும், கடைசி தேதி மே 31. எனக்கு வந்தது அதெல்லாம் தாண்டி, அதுவும் பான்ல ஒரு எழுத்து தப்பு. ஆபீஸுக்கு போன் பண்ணா "அடுத்த டேபிள்ல கேளுங்க சார்", அந்த டேபிள்ல "அவர் லீவு". திருத்தி வந்ததுல பான் சரி, இனிஷியல் மாறிருச்சு. கேம்பெய்ன் இவ்ளோ பெருசாச்சு, ரசீது போட இன்னும் அதே ஒத்த க்ளர்க் தான். அண்ணன் கம்பெனில டெலிவரி சலான் இல்லாம ஒரு பம்ப் கேட்ட தாண்டுமா? கேட்டேன். சிரிச்சுட்டு, தன் கம்பெனி அக்கவுண்டன்ட வாரத்துல ஒரு நாள் காலேஜுக்கு அனுப்பறேன்னு சொன்னாரு, இப்ப அனுப்பறாரு. இத மொத நாளே பண்ணிருக்கலாம்ணா.

வெளிநாட்டுல இருக்கவங்க கவனிங்க. இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கீங்கன்னா பேங்க் வழியா சாதாரணமா அனுப்பலாம். அமெரிக்க சிட்டிசன் ஆயிட்டீங்கன்னா உங்க காசு ஃபாரின் கான்ட்ரிப்யூஷன், அதாவது வெளிநாட்டு நன்கொடை, இந்திய வம்சாவளிக்கு தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இருக்க ட்ரஸ்ட் தான் வாங்க முடியும், அதுவும் டெல்லி எஸ்பிஐ மெயின் ப்ராஞ்ச் அக்கவுண்ட் வழியா. கமிட்டி எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட் நம்பர க்ரூப்ல போட்டுருச்சு, ஆடிட்டரா இருக்க பேட்ச்மேட் ஒருத்தன் பாத்துட்டு "டேய் நிறுத்துங்கடா"ன்னு கத்துன அப்புறம் தான் மாத்துனாங்க. ஐஐடிங்க மாதிரி அங்கயே ஒரு ஃபவுண்டேஷன் வச்சிருந்தா அவங்களுக்கு அந்த ஊர் டாக்ஸ் கழிவும் கெடைக்கும், நம்ம சைஸுக்கு அது இப்ப முடியாது.

ஸ்டேஜ்ல காட்டற தொகை "தரேன்னு சொன்னது", பேங்க்ல வந்தது வேற. ரெண்டையும் தனித்தனியா கேளுங்க, கேட்டா சொல்றாங்க, மறைக்கல.

குடுக்கலாமான்னு கேட்டா குடுங்க, ஃபார்ம்ல ஸ்காலர்ஷிப் கட்டத்துல டிக் பண்ணுங்க. அந்த காச அப்படியே டெபாசிட்ல வச்சு வட்டில தான் பசங்களுக்கு ஃபீஸ் கட்றாங்க, அசல் காலியாகாது, பில்டிங்குக்கு எப்படியும் பெரிய ஆளுங்க வந்துருவாங்க. பான் நம்பர போன்ல சொல்லாதீங்க, மெயில்ல அனுப்புங்க. கமிட்டிக்கு ஒரே ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை 2010க்கு அப்புறம் பாஸ் அவுட் ஆனவங்க யாராவது ஒருத்தர உள்ள போடுங்க, சின்ன பசங்களுக்கு கேக்க தெரியாதுன்னு நெனைக்காதீங்க, எங்க ஜூனியர் செட் ஒண்ணு வெறும் யூபிஐ லிங்க்க வச்சே லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஆர்ஓ ப்ளாண்ட் போட்டு முடிச்சுருச்சு.