மியூ 2, யாஷிகா டி5, கேனான் ஷூர் ஷாட் ஏ-1: மழைக்கு எது?

மழையில் எடுத்துப் போக ஒரு பழைய ஃபிலிம் கேமரா வேண்டும் என்று தேடினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்: ஒலிம்பஸ் மியூ 2, யாஷிகா டி5, கேனான் ஷூர் ஷாட் ஏ-1. மூன்றும் 1990களில் வந்தவை. 35 மி.மீ. ஃபிலிம், தானே ஃபோகஸ், தானே ஃபிலிமைச் சுற்றும் மோட்டார். மூன்றையும் 'தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மியூவும் டி5-உம் தூறலையும் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கச் செய்தவை, அவ்வளவுதான். கேனான் 5 மீட்டர் ஆழம் வரை முங்கிப் படம் எடுக்கச் செய்தது.

மியூ 2 வந்தது 1997இல். அமெரிக்காவில் ஸ்டைலஸ் எபிக் என்று விற்றார்கள். எடை 135 கிராம், 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்). மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் கேமரா விழித்துக்கொள்ளும், மூடினால் தூங்கிவிடும். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. இதற்கு இருக்கும் மவுசு நியாயமானதுதான்.

ஆனால் மழையில் இதனிடம் ஒரு கெட்ட பழக்கம். மூடியை மூடித் திறந்தால், ஃபிளாஷ் வேண்டாம் என்று நாம் சொல்லி வைத்ததை மறந்துவிடும். மழை நேரத்தில் வெளிச்சம் மங்கலாகத்தானே இருக்கும்? உடனே ஃபிளாஷ் அடிக்கும். முகத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுகிற துளிகள் எல்லாம் அந்த ஒளியை வாங்கிக்கொண்டு படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகளாக வந்து நிற்கும், யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி. நாலு தடவை ஞாபகமாக அணைப்போம், ஐந்தாவது தடவை மறப்போம். நல்ல காட்சி அந்த ஐந்தாவதில்தான் வரும். அணைக்கும் பொத்தானும் பின்பக்கம் குட்டியாக இருக்கிறது. விரல் ஈரமாக இருந்தால் நகத்தால்தான் அழுத்த வேண்டும்.

யாஷிகா டி5-ஐ அமெரிக்காவில் டி4 சூப்பர் என்பார்கள். லென்ஸ் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார், 35 மி.மீ. எஃப் 3.5. கணக்குப்படி மியூவைவிடக் குறைந்த ஒளியைத்தான் வாங்கும். ஆனாலும் பலர் இதன் லென்ஸுக்காகவே வாங்குகிறார்கள். எனக்கு இதில் பிடித்தவை வேறு இரண்டு. மேலிருந்து குனிந்து பார்க்க ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடுத்துவிடலாம். இன்னொன்று, தொலைவுக்கு ஃபோகஸைப் பூட்டும் வசதி. மழை நாளில் பாதிப் படங்கள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அமையும். இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் தூரத்தை அளப்பவை என்பதால், முன்னால் கண்ணாடி இருந்தால் ஏமாந்துவிடும். தெரு கலங்கிப் போகும். தொலைவுக்குப் பூட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. மியூ 2-இல் இப்படிப் பூட்ட வழியில்லை.

சரி, கேனான். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி, மியூவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை. பையில் போட்டால் பை ஒரு பக்கம் சாயும். 32 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். ஷட்டர் பொத்தானும் திருகு சக்கரமும் பெரிது பெரிதாக இருப்பதால் நனைந்த கையிலும் வழுக்காமல் பிடிபடும். லென்ஸுக்கு முன்னால் தட்டையான கண்ணாடி. துளி விழுந்தால் சட்டை நுனியால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகலாம்.

இவ்வளவும் கேமரா புதிதாக இருந்த காலத்துப் பேச்சு. தண்ணீரைத் தடுப்பது இரும்பு இல்லை, ரப்பர். 30 வருஷத்தில் ரப்பர் காயும், தட்டையாகும், விரிசல் விடும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் இப்போது அது செல்லாது. அதனால் கேனானாகவே இருந்தாலும் அதை ஆழத்தில் முக்க நான் தயாரில்லை, மழையோடு சரி. வாங்கியதும் பின்கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தை விளக்கடியில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை இப்படியொரு கேமராவில் ஃபிலிம் மாட்டிக் கதவை மூடினேன். வளையத்தின் மேல் என் தலைமுடி ஒன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை. வீடு திரும்பித் திறந்தபோது ஃபிலிம் பெட்டியின் ஓரத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர். தப்பு முழுக்க என்னுடையது. அப்புறம் ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால் வளையத்தைத் துடைத்து, சிலிகான் கிரீஸை மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுகிறேன். மியூவிலும் டி5-இலும் நாமே பார்த்துத் துடைத்துப் பராமரிக்க இந்த அளவுக்கு இடமில்லை.

இந்தக் கூட்டத்தில் நிக்கான் எல்35ஏடபிள்யூ, மினோல்டாவின் மஞ்சள் நிற வெதர்மேட்டிக் டூயல் 35, கட்டடம் கட்டும் இடங்களுக்கென்றே கோனிகா செய்த கேமரா எல்லாம் உண்டு. நிக்கான் 3 மீட்டர் ஆழம் வரை, மினோல்டா 5 மீட்டர் வரை தாங்கச் செய்தவை. கிடைத்தால் பாருங்கள், குறையொன்றுமில்லை.

மழைக்கு என் கை போவது கேனானுக்குத்தான். படத்தின் தெளிவை மட்டும் கேட்டால் டி5 என்பேன். எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்றால் மியூ. ஆனால் மியூவுக்கும் டி5-க்கும் இப்போது கேட்கும் விலையைக் கொடுத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். முதல் துளி விழுந்ததும் கேமராவை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிவிடுகிறார்கள்.