வயர்லெஸ் மைக் ரிசீவர்களைக் கண்காணிக்க எந்த மென்பொருள்?

இந்த மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வசதிகளை வரிசைப்படுத்தி, எதில் அதிகம் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துவிட வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்னால் ஒவ்வொரு மைக்குக்கும் மோதாத அலைவரிசையைப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. மேடையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த மைக் கைவிடப் போகிறது என்று கண் வைத்திருப்பது இன்னொன்று. முதல் வேலையில் கெட்டியான மென்பொருள் இரண்டாவதில் சுமாராக இருக்கலாம்.

அதற்கும் முன்னால் ரிசீவரின், அதாவது மைக்கின் சிக்னலை வாங்கும் பெட்டியின், பின்பக்கத்தைப் பாருங்கள். ஈதர்நெட் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இல்லையென்றால் இந்த அலசலே உங்களுக்குத் தேவையில்லை. மைக் நிறுவனங்களான ஷூர், சென்ஹைசர் இரண்டை எடுத்துக்கொண்டால், ஷூரின் பிஎல்எக்ஸ், சென்ஹைசரின் ஈடபிள்யூ 100 ஜி4 எல்லாம் அந்த ரகம். ஷூர் பக்கம் எஸ்எல்எக்ஸ்-டி, கியூஎல்எக்ஸ்-டி, யூஎல்எக்ஸ்-டி, ஆக்சியன்ட் டிஜிட்டல், சென்ஹைசர் பக்கம் ஈடபிள்யூ 300, 500 ஜி4 ஆகியவற்றில் போர்ட் உண்டு.

ஷூர் தரும் வயர்லெஸ் வொர்க்பெஞ்ச் இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். அலைவரிசைத் திட்டமிடலில் இதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. மற்ற நிறுவனங்களின் கருவிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கணக்குக்கு மட்டும்தான், அவற்றின் பேட்டரி அளவைக் காட்டாது. கண்காணிப்புப் பகுதியில் சிக்னல், ஒலி அளவு, பேட்டரி மூன்றும் வரும். ஓடிய நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, எந்த நிமிடத்தில் சிக்னல் விழுந்தது என்று பிறகு பின்னோக்கிப் பார்க்கலாம். ஒரு மைக் விட்டுவிட்டு வந்தால் காரணம் தேட இது பெரிய உதவி. எனக்குப் பிடிக்காதது, பார்க்கும் திரையும் மாற்றும் திரையும் ஒரே மென்பொருளுக்குள் இருப்பது. நிகழ்ச்சி நடுவே ஒரு தவறான சொடுக்கு அலைவரிசையை மாற்றிவிடும். அந்தக் கணினி அனுபவமுள்ள கையில் மட்டும் இருக்கட்டும்.

சென்ஹைசரின் வயர்லெஸ் சிஸ்டம்ஸ் மேனேஜரும் இலவசம். சென்ஹைசர் மட்டுமே வைத்திருப்பவருக்குப் போதும். திரை கொஞ்சம் பழைய பாணி, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் வெளியே மைக்போர்டு என்று ஒன்று இருக்கிறது. திறமூல மென்பொருள், காசு கிடையாது. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் ஓட வைத்துவிட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த பிரவுசரிலும் திறக்கலாம். யூஎச்எஃப்-ஆர், கியூஎல்எக்ஸ்-டி, யூஎல்எக்ஸ்-டி, ஆக்சியன்ட் டிஜிட்டல் என்று ஷூர் கருவிகளுக்கானது. கலைஞரின் படத்தையே மைக்கின் பின்னணியாகப் போடலாம். பேட்டரி இறங்க இறங்க நிறம் மாறும். மேடைக்குப் பக்கவாட்டில் மைக் மாட்டிவிடுபவருக்கு அலைவரிசை எண் எதற்கு? யார், எந்த மைக், பேட்டரி எவ்வளவு என்று தூரத்திலிருந்து தெரிந்தால் சரி. நிகழ்ச்சி நேரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று: மென்பொருள் காட்டும் துல்லியம் நீங்கள் போடும் பேட்டரியைப் பொறுத்தது. யூஎல்எக்ஸ்-டியில் ஷூரின் எஸ்பி900 லித்தியம் பேட்டரி போட்டால் மீதி நேரம் மணி, நிமிடக் கணக்கில் வரும். சாதாரண ஏஏ ஆல்கலைன் போட்டால் 5 கட்டங்கள் மட்டும்தான். அப்போது எந்த மென்பொருளை வைத்தாலும் ஊகம்தான்.

சிக்னல் பட்டையை நம்புவதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. ரிசீவருக்கு வரும் ஆற்றல் உங்கள் டிரான்ஸ்மிட்டருடையதா (மைக்கின் ஒலியை அலையாக அனுப்பும் கருவி), வேறு யாருடையதா என்று அந்தப் பட்டை பிரித்துச் சொல்லாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் பட்டை நிறைந்து நின்றால் வேறொருவர் அதே அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். டிஜிட்டல் மைக்கில் இன்னும் சங்கடம். அனலாகில் முதலில் இரைச்சல் எட்டிப்பார்க்கும், டிஜிட்டலில் கடைசி வரை சுத்தமாக ஒலித்துவிட்டுச் சட்டென்று அறுந்துபோகும். அதனால்தான் ஆக்சியன்ட் டிஜிட்டல் சிக்னலின் தரத்தைத் தனி அளவாகக் காட்டுகிறது. சென்ஹைசரின் டிஜிட்டல் 6000 தொடரிலும் இப்படி ஓர் அளவு உண்டு. உங்கள் கருவியில் இது இருந்தால், சிக்னல் பலத்தைவிட முதலில் இதையே பாருங்கள்.

அப்புறம், எந்த மீட்டரிலும் தெரியாத கோளாறுகள். துணி மைக்கில் உரசுகிறது, வியர்வை இறங்கி ஒலி மங்குகிறது, கேபிள் நுனியில் முறிந்திருக்கிறது. திரையில் எல்லாம் பச்சை! காதில் கேட்டால்தான் தெரியும். வேவ்டூல் என்ற மென்பொருள் இங்கேதான் தனித்து நிற்கிறது. பல நிறுவனங்களின் ரிசீவர்களை ஒரே திரையில் வைத்து, வேண்டிய மைக்கைச் சொடுக்கி ஹெட்போனில் கேட்கலாம். இது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள், அதோடு ரிசீவர்களின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் ஏற்பாடும் வேண்டும். நாலைந்து மைக் வைத்திருப்பவர் இதற்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நாடகம், நேரலை என்று ஏகப்பட்ட பெல்ட்பேக் (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர்) ஓடும் இடத்திலும், ஷூரும் சென்ஹைசரும் கலந்த ரேக்கிலும் கணக்கே வேறு.

எதை எடுத்தாலும் முதல் நாள் தலைவலி ஒன்றுதான்: ரிசீவர்கள் திரையில் வராது. வைஃபை, ஈதர்நெட் இரண்டும் உள்ள மடிக்கணினியில் மென்பொருள் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும். வொர்க்பெஞ்சின் அமைப்புகளில் எந்த நெட்வொர்க் கார்டு என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். ஐபி முகவரி தரும் ரவுட்டர் எதுவும் இல்லாமல் வெறும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் போட்டிருந்தால், தானியங்கி அமைப்பில் இருக்கும் ரிசீவர்கள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். கணினியும் அதே வரிசையில் இருக்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு ரிசீவருக்கும் நிலையான முகவரி கொடுத்து, அதைக் கருவியின் நெற்றியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.